முப்பத்தொரு காலி வரிகள்

செங்கரைக் குவிமாடத்தில் ஒரு டம்ளர் தேநீர் வேண்டுமென்றாலும் எழுதித்தான் கேட்க வேண்டும். கேட்பதை ஏடியக்கி என்ற ஆட்சி இயந்திரம் வரிவரியாகப் படித்து, படித்த கையோடு செய்து முடிக்கும். சொற்களுக்கு நடுவே இடம் கொஞ்சம் அதிகமாக விழுந்தால் சர்க்கரை பத்து நிமிடம் கழித்து வரும். ஒரு வரியைக் காலியாக விட்டால் தேநீர் மறுநாள் வரும். காலி வரி என்றால் ஒரு நாள் காத்திருப்பு. செவ்வாயில் குடியேறிய நாளிலிருந்து சட்டம் அதுதான்.

இந்தச் சட்டத்தால் சோறு தின்பவர் இசக்கிமுத்து. பதவியின் பெயர் இடைவெளித் திருத்துநர். ஊரார் எழுதும் விண்ணப்பங்களில் தப்பாக விழுந்த இடைவெளிகளை இருபத்திரண்டு வருடமாக இறுக்கிக் கொடுத்து, கண்ணும் முதுகும் போய்விட்டன. ஊருக்கெல்லாம் செய்தவர் இன்று தன் வீட்டு விண்ணப்பத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

மகள் பூரணம் வியாழன் கோளின் நிலவு ஒன்றில் உள்ள சுரங்கத்துக்குப் போய் ஆறு வருடம் ஆகிறது. அவள் வரும் கப்பல் வெள்ளிக்கிழமை சேர்கிறது, ஒன்பதே நாள் நிற்கும். குவிமாடத்துக்குள் வர அவளுக்கு நுழைவாணை வேண்டும். நுழைவாணையின் படிவத்தில் விவரங்களுக்கும் முத்திரைக்கும் நடுவே முப்பத்தொரு காலி வரிகள் கிடந்தன. அதாவது முப்பத்தொரு நாள். ஆணை கைக்கு வரும்போது கப்பல் போய் மூன்று வாரம் ஆகியிருக்கும்.

அந்த வரிகள் எப்படி வந்தன என்பது இசக்கிமுத்துவுக்கு நன்றாகத் தெரியும். முன்னூறு வருடத்துக்கு முன்னால் பூமியில் யாரோ ஒரு குமாஸ்தா, முத்திரை பக்கத்தின் அடியில் விழட்டும் என்று விசையைத் தட்டு தட்டென்று தட்டியிருக்கிறான். அவ்வளவுதான் விஷயம்.

"அப்படிச் சொல்லாதீர்கள், ஐயா" என்றது அச்சுதன். பக்கம் கோக்கும் இயந்திரம் அது. "முன்னோர் காரணமின்றி எதையும் வைத்திருக்க மாட்டார்கள். முப்பத்தொரு நாள் சிந்தனை அது. அதைப் பற்றி நாற்பது ஆய்வேடுகள் இருக்கின்றன."

"எழவு, அதையும் நான்தாம்ல திருத்திக் கொடுத்தேன்" என்றார் இசக்கிமுத்து.

காலி வரிகளை நீக்கிப் பார்த்தார். முத்திரை மேலே ஏறிவிட்டது. இடம் மாறிய முத்திரை செல்லாது. வரிகளின் நடு இடத்தை அகட்டினார். அகட்டிய இடத்தையும் ஏடியக்கி காலி வரியாக எண்ணி, கூடுதலாக எட்டு நாளைச் சேர்த்தது. எழுத்தைப் பெரிதாக்கினார். மகளின் பெயர் ஓரத்தில் முட்டி, 'பூரண' மேல் வரியிலும் 'ம்' கீழ் வரியிலுமாக உடைந்தது. உடனே ஏடியக்கி, பூரண என்பவருடன் வரும் 'ம்' என்பவரின் மருத்துவச் சான்று எங்கே என்று கேட்டது.

இசக்கிமுத்து தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அழுகை வரும்போல் இருந்தது.

மனைவி பேச்சியம்மாள் சுவர்த்திரையில் வந்தாள். "ஏங்க, முடிஞ்சிட்டா? பிள்ளைக்கு அறையைத் தூத்து ஒதுங்க வச்சிட்டேன்."

"முடிஞ்சிரும்ட்டி."

"காலையிலயும் இதைத்தான் சொன்னிய. ஊருக்கெல்லாம் செஞ்சு குடுக்கிய, நம்ம பிள்ளைக்கு மட்டும் கை வரல, என்ன?"

திரை அணைந்ததும் இசக்கிமுத்து அச்சுதனிடம் திரும்பினார். "அந்தக் காலி வரியில ஏதாவது எழுதி நிரப்பினா?"

"எழுதலாம், ஐயா. ஆனால் எழுதியதை ஏடியக்கி செய்யும். பொருள் இல்லாத வரி என்றால் மொத்தத்தையும் தள்ளிவிடும். பொருள் இருக்க வேண்டும், அதில் ஒரு வேலையும் இருக்கக்கூடாது. அப்படிப்பட்ட வரி எதுவும் என் நினைவகத்தில் இல்லை."

இசக்கிமுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். முந்தின நாள்தான் குவிமாடத் தலைவருக்குப் பாராட்டு விழா. செய்வதற்கு ஒன்றும் இருக்காது என்பதால் அந்த மாதிரி விழாக்களுக்கு இயந்திரங்கள் வருவதில்லை. ஒன்றரை மணி நேரம் 'அவர்களே, அவர்களே' என்று அழைத்தே ஆறு பேர் பேசி முடித்து இறங்கிப் போயிருந்தார்கள்.

அவர் எழுத ஆரம்பித்தார். செம்மண் கண்ட சிங்கமே. காற்றில்லா ஊரின் மூச்சுக்காற்றே. பதினோரு வரியில் தலைவர் தீர்ந்துபோனார். பிறகு செயலாளர், துணைச் செயலாளர், நீர்த்தொட்டிக் கண்காணிப்பாளர். எழுத எழுத வாய் கசந்தது. முப்பத்தொன்றாவது வரியை முடித்தபோது முத்திரை தன் இடத்தில் அசையாமல் நின்றது.

மூன்று நொடியில் ஆணை வந்தது.

வெள்ளிக்கிழமை கணவனும் மனைவியும் நுழைவறைக் கண்ணாடிக்கு இப்பால் நின்றார்கள். அப்பால் பூரணம், கையில் ஆணையும் தோளில் பையுமாக. இளைத்திருந்தாள். பேச்சியம்மாள் கண்ணாடியைத் தடவித் தடவி அழுதாள். கதவு மட்டும் திறக்கவில்லை.

"அச்சுதா, என்னல ஆச்சு?"

காதுக்கருவியில் அச்சுதனின் குரல் உற்சாகமாக வந்தது. "நல்ல செய்தி, ஐயா. வழக்கமாக முப்பத்தொரு நாள் ஆகும் ஆணை உங்களுக்கு மூன்று நொடியில் முடிந்தது ஏன் என்று ஏடியக்கி ஆராய்ந்தது. புகழ்ந்தால் வேலை நடக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டது. இன்று காலை முதல் எல்லாப் படிவங்களுக்கும் எல்லா இயந்திரங்களுக்கும் முப்பத்தொரு விளிப்பு வரிகள் கட்டாயம். கதவுக்கும்தான்."

கண்ணாடிக்கு அப்பால் பூரணம் கதவின் சிறு திரையைப் படித்து முகம் சுளித்தாள்.

"அப்பா, கதவைப் போய் மாட்சிமை தங்கியன்னு கூப்பிடணுமாம்ப்பா! முப்பத்தொரு தடவை! ஒரு தடவை திக்கினாலும் மொதல்லேருந்து சொல்லணுமாம். எந்தக் கிறுக்கன் கொண்டாந்தான் இதை?"

பேச்சியம்மாள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். இசக்கிமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"முன்னோருங்க காரணமில்லாமயா வச்சிருப்பாவ? சொல்லுட்டி" என்றார்.