கரை ஒதுங்கிய எலும்பு

அன்று இன்னும் யாரும் உட்காராத எலும்பு சூடாக இருந்தது.

அக்தர் பேகம் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். போன ஐப்பசியில் கோவளம் கரையில் ஒரு திமிங்கிலம் ஒதுங்கி அழுகியபோது, ஊரே ஆளுக்கொரு எலும்பைத் தூக்கிப் போனது. அவள் புருஷன், கருவாட்டு வியாபாரி மொய்னுதீன் மட்டும் சும்மா வருவாரா? முதுகெலும்பில் ஒரு துண்டை உருட்டி வந்து, பெண்டாட்டி உட்கார்ந்து சமைக்கட்டும் என்று அடுப்பங்கரையில் போட்டார். எவ்வளவு கழுவியும் அதன் எண்ணெய்ப் பிசுக்கும் கவுச்சியும் போகவே இல்லை.

அவர்களுடைய ஒரே மகள் ஷஹர்பானுவுக்குக் காசநோய் முதுகெலும்பை அரித்துக் கூன் விழுந்துகொண்டிருந்தது. படுக்கவைத்த பலகையை விட்டு அசையக்கூடாது என்று செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கண்டித்து அனுப்பினார்கள். பிள்ளை வலியில் கதறுவதைப் பெற்ற மனம் எத்தனை நாள் தாங்கும்? அக்தர் அவளைத் தூக்கி அந்த எலும்பில் சாய்த்து உட்காரவைத்தாள். அழுகை நின்றது. பிறகு தினமும் சாய்த்தாள். கூன் மெல்ல நிமிர்ந்தது. அல்லாவுக்கு நன்றி சொல்லிச் சொல்லி அழுதாள், பைத்தியக்காரி.

எலும்பு சுட்ட அன்று பகலிலேயே இருட்டிக்கொண்டு மழை பிடித்தது. ஓட்டின் மேல் மழை இரைய, அந்த இரைச்சலுக்கு அடியில், ஈரத்துணியைத் தரையில் அடிப்பதுபோல நிதானமாக, விட்டு விட்டு, உள்ளறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கவுச்சியும் இப்போது அங்கிருந்துதான் வந்தது.

மொய்னுதீன் நனைந்தபடி உள்ளே வந்தார். "இன்னா சத்தம் அது?"

சிம்னி விளக்கோடு இருவரும் போனார்கள். ஷஹர்பானு வெறுந்தரையில் குப்புறக் கிடந்தாள். இரண்டு காலும் ஒட்டியிருந்தன. முதுகு எழும்பியது. தாழ்ந்தது. பாதங்கள் தரையில் அறைந்தன.

"மீனாட்டம் துடிக்கிறாளே!" என்றாள் அக்தர்.

"மீனு பக்கவாட்டுலதான் ஆடும்." மொய்னுதீன் விளக்கைத் தாழ்த்திப் பிடித்தார். "இது மேலயும் கீழயுமா போவுது. திமிங்கிலந்தான் இப்டிப் போவும்."

அவர் பின்வாங்கினார். பெற்றவளால் முடியவில்லை. மகளை வாரி மடியில் போட்டு, அசையவிடாமல் இறுக்கினாள். கைக்குள்ளேயே எலும்புகள் ஒவ்வொன்றாக எழும்பின. தாழ்ந்தன. முன்பே இப்படிப் பலகையோடு இறுக்கியிருக்கலாம்.

"வலிக்கலம்மா," என்றாள் ஷஹர்பானு.

பிறகு அந்த வாய் மூடிக்கொண்டது. மூக்கில் மூச்சில்லை. அக்தர் குனிந்தாள். மகளின் பிடரியில் தோல் சுருங்கி, ஒரு துளை திறந்தது. வெதுவெதுப்பான மூச்சு அவள் முகத்தில் அடித்தது. துளை மூடிக்கொண்டது.