பதினோராம் தட்டின் துடிப்பு

"என் மகன் செத்து ஒம்பது மாசம் ஆச்சு. அவன் நெஞ்சு மட்டும் இன்னும் துடிக்குதாம். அதை நிறுத்திக் குடுங்க."

கன்னிவாடியிலிருந்து வந்த ஒச்சம்மாள் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே இதைச் சொல்லிவிட்டாள். திண்டுக்கல் நத்தம் சாலையில், மருந்துக்கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் இருந்த அந்த அறையில், முகமது யாசினின் டீ கிளாஸ் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. பதினெட்டு வருடம் கல்யாண வீடியோ எடுத்துவிட்டு இந்தத் துப்பறியும் தொழிலுக்கு வந்தவன் அவன். எத்தனையோ அழுகையைப் பார்த்தவன்தான் என்றாலும் இப்படியொரு புகாரைக் கேட்டதில்லை.

அலுவலகத்தின் சொந்தக்காரியான நாகஜோதி அசரவில்லை. காவல்துறைத் தடய அறிவியல் கூடத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் அவர். "உக்காருங்கம்மா. மொதல்லருந்து சொல்லுங்க," என்றார்.

ஒச்சம்மாளின் மகன் பாண்டியராஜ் கபடி ஆடும்போது இரண்டு முறை மயங்கி விழுந்தானாம். பெரிய ஆஸ்பத்திரியில் அவன் ரத்தத்தை எடுத்து ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். ரத்தத்திலுள்ள உயிரணுக்களைக் கருவிலிருந்த நிலைக்குத் திருப்பி, அதிலிருந்து இதயத்தின் உயிரணுக்களை வளர்க்கிற புது வித்தை அங்கே நடக்கிறது. உள்ளங்கை அகலத் தட்டில் அவை நிஜ இதயத்தைப்போலவே துடிக்கும். அவனுக்கு என்ன நோய் என்று அவர்கள் சொல்வதற்குள் அவன் போய்விட்டான்.

"கிணத்துல வழுக்கி விழுந்துட்டான்," என்றாள் ஒச்சம்மாள், ஒப்பிப்பதைப்போல ஒரே மூச்சில். பிறகு குரல் உடைந்தது. "ஆறு வயசுல நீச்சல் பழகுன புள்ளம்மா. அம்புட்டு ஆழத்துல போய்ச் செம்பை எடுத்துட்டு வருவான்."

மகன் இல்லாமல் அவன் நெஞ்சு மட்டும் எதற்கு என்று சண்டை போட்டு, தை மாதத்தில் அந்த உயிரணுக்களை அழிக்க வைத்திருக்கிறாள். அழித்ததைத் தன் கண்ணாலேயே பார்த்தும் இருக்கிறாள். "மைக்ராஸ்கோப்புல பாத்தேன். துடிச்சுக்கிட்டே கெடந்துச்சு. மருந்தை ஊத்துனதும் அடங்கிருச்சு. எம்புள்ள ரெண்டாந்தடவை செத்ததையும் பாத்துட்டேன். போன வாரம் டாக்டரம்மா போன் போட்டு, பதினோராம் தட்டுல அதே துடிப்பு வருதுங்குது. மத்தியானத்துல கிணத்தடிக்குப் போனா என் காதுக்குள்ளயே கேக்குது. போக வழியில்லாம அலையுறான். பத்து நாள்ல எம்மகளுக்குக் கல்யாணம் வேற."

அந்த மகள் அப்போதுதான் வாசலுக்கு வந்து சேர்ந்தாள். பெயர் கௌசல்யா, கல்லூரியில் கடைசி வருடம். நிலைக்கதவைப் பிடித்தபடி மூச்சு வாங்கினாள். உதடு வெளுத்திருந்தது.

"விரதம். வெறும் வயித்தோட மாடி ஏறிட்டா," என்றாள் ஒச்சம்மாள் அவசரமாக.

கௌசல்யா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அந்தப் பதினோராம் தட்டு யாரு ரத்தத்துல செஞ்சதுன்னு வெளிய சொல்லுவாங்களா மேடம்?"

"சொல்ல மாட்டாங்க. ரத்தம் குடுத்தவங்க பேரு ரகசியம்," என்றார் நாகஜோதி. தன் துக்கத்திலும் அடுத்தவரைப் பற்றிக் கவலைப்படுகிறாளே, தங்கமான பெண் என்று யாசின் நினைத்துக்கொண்டான். பாவம், அவன் எப்போதும் அப்படித்தான் நினைப்பான்.

நாகஜோதியும் யாசினும் ஆய்வுக்கூடத்துக்குப் போனபோது, அதன் தலைவி டாக்டர் மகேஸ்வரி வாரக்கணக்கில் தூங்காதவர்போல இருந்தார். "பதினொண்ணு ஆரோக்கியமான ஆளோட தட்டு. நோயாளிகளோட ஒப்பிட்டுப் பாக்கறதுக்காக வெச்சிருக்கோம். அதுல இது எப்படி வரும்?" என்றார்.

யாசின் மைக்ராஸ்கோப்பில் கண் வைத்தான். வெளிறிய ஒரு திட்டு. துடித்தது, துடித்தது, துடித்தது. அடுத்தது வரவில்லை. யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் கிடப்பதைப்போல நீண்ட இடைவெளி. பிறகு மறுபடி துடித்தது. அந்த இடைவெளியில் தன் மூச்சும் நின்றிருந்ததை யாசின் அப்புறம்தான் உணர்ந்தான். பக்கத்துத் திரையில் கம்ப்யூட்டர் அலைகளை வரைந்து, அடியில் பெயரும் போட்டிருந்தது: பாண்டியராஜ்.

பயத்தை மறைக்க யாசினுக்குத் தெரிந்த ஒரே வழி துப்புத் துலக்குவது. "அக்கா, பழைய வீடியோவை எவனோ திருப்பிப் போட்டிருக்கான்," என்று கிசுகிசுத்தான்.

"மேசையைத் தட்டு." தட்டினான். திரையில் படம் குலுங்கியது. "நேரா வர்ற படம்தான் யாசின்."

"அப்போ இந்த டாக்டரம்மா ஆராய்ச்சிக்காகக் கொஞ்சத்தை ஒளிச்சு வெச்சிருக்கணும்."

நாகஜோதி மகேஸ்வரியிடம் திரும்பினார். "கம்ப்யூட்டருக்கு எத்தனை பேரோட துடிப்பு தெரியும்?"

"நாப்பது நோயாளிங்க."

"பதினொண்ணுக்கு ரத்தம் எப்ப எடுத்தீங்க?"

"எட்டு மாசம் முன்னாடி, ஒரு மகளிர் கல்லூரி முகாம்ல. உக்கார வெச்சு ஈசிஜி எடுத்தோம், சரியா இருந்துச்சு. குடும்பத்துல சின்ன வயசுல திடீர்ச் சாவு உண்டான்னு பாரத்துல கேட்டோம். 'இல்லை'ன்னு டிக் பண்ணியிருந்தாங்க."

"ரெண்டு சோதனை வேணும் டாக்டர். அந்தத் தட்டுல ஆணோட குரோமோசோம் இருக்கா, பாண்டியராஜுக்கு இருந்ததா உங்க பதிவுல இருக்கற மரபணுப் பிழை இருக்கா. பாத்துச் சொல்லுங்க."

மூன்றாம் நாள் எல்லோரையும் ஆய்வுக்கூடத்துக்கு வரச் சொன்னார் நாகஜோதி. "கௌசல்யாவைப் படியேற விடாதே. லிஃப்ட்ல கூட்டிட்டு வா," என்று யாசினைக் கீழே அனுப்பினார். ஏன் என்று அவனுக்கு விளங்கவில்லை.

மேலே வந்ததும் ஒச்சம்மாள் நின்றபடியே கேட்டாள். "யாரும்மா ஒளிச்சு வெச்சது? இன்னைக்காவது அதை அழிப்பீங்களா?"

"யாரும் ஒளிக்கலை. தட்டையும் மாத்தலை," என்றார் நாகஜோதி. "உங்க மகனோடதா இருந்தா ஆண் குரோமோசோம் இருக்கணும். இதுல இல்லை. இது ஒரு பொண்ணோடது. கம்ப்யூட்டர் இது யாருன்னு கண்டுபிடிக்கலை. தனக்குத் தெரிஞ்ச நாப்பது பேர்ல இது யாரை மாதிரி இருக்குன்னுதான் சொல்லுச்சு. பேரைப் பாத்துட்டு நாமதான் செத்தவன் வந்துட்டான்னு நெனைச்சோம்."

"அப்போ யாரோட துடிப்பு?" என்றான் யாசின்.

"அவன் மரபணுல எந்த எடத்துல பிழையோ, இதுலயும் அதே எடத்துல அதே பிழை. உலகத்துலயே அபூர்வமான பிழை. கூடப் பொறந்தவங்களுக்கு வர்றது சகஜம்." நாகஜோதி குரலைத் தாழ்த்தினார். "டாக்டர் பேரைச் சொல்லக் கூடாது, சொல்லவும் வேண்டாம். நாம எல்லாரும் செத்தவனைப் பத்தியே கேட்டுக்கிட்டிருந்தோம். ஒருத்தி மட்டும் ரத்தம் குடுத்தது யாருன்னு தெரிஞ்சிருமான்னு கேட்டா. ரெண்டு மாடி ஏறுனதுக்கே அவ உதடு வெளுத்துப்போச்சு. ஈசிஜி அசையாம இருக்கும்போது எடுத்தது. இந்த நோய் ஓடும்போதும் நீந்தும்போதும்தான் பிடிக்கும். ஆழத்துல போய்ச் செம்பெடுத்தவன் வழுக்கி விழுந்தா சாகமாட்டான்மா. தண்ணிக்குள்ள அவன் நெஞ்சு நின்னுபோச்சு."

கௌசல்யா சுவரோடு சாய்ந்தாள். "நான்தான் குடுத்தேன். அண்ணனை மாதிரி எனக்கும் இருக்கான்னு வீட்டுல கேக்க முடியலை. ஊருக்கெல்லாம் வழுக்கி விழுந்துட்டான்னுதானே சொல்லி வெச்சிருக்கோம்? அந்தப் பாரத்துலயும் கை தானா 'இல்லை'ன்னு போட்டுருச்சு. ரத்தத்தைப் பாத்து அவங்களே கண்டுபிடிச்சுச் சொல்லிருவாங்கன்னு நெனைச்சேன்மா."

ஒச்சம்மாள் அழவில்லை. மெல்லத் திரையருகே போனாள். துடிப்பு, துடிப்பு, துடிப்பு. இடைவெளி வந்தது. அவள் கை தானாகப் பின்னால் நீண்டு மகளின் மணிக்கட்டைப் பிடித்தது. அடுத்த துடிப்பு வரும்வரை விடவில்லை. வந்த பிறகும் விடவில்லை. இதை அழிக்கச் சொல்லி எத்தனை முறை கத்தியிருப்பாள்! யாசினால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"மாத்திரை இருக்கும்மா. ஒழுங்கா சாப்பிட்டா முழு ஆயுசும் இருக்கலாம்," என்றார் மகேஸ்வரி. "இன்னைக்கே இதய டாக்டரைப் பாக்கணும். எந்த மருந்து நல்லா ஒத்துக்கும்னு இந்தத் தட்டுலயே போட்டுப் பாக்கறோம். ஆனா இவங்க உடம்புக்கு என்னன்னு கட்டிக்கப் போறவங்களுக்கும் தெரியணும்."

"எனக்கு இந்தக் கல்யாணம் நடக்கலேன்னாலும் பரவாயில்லைம்மா," என்றாள் கௌசல்யா.

ஒச்சம்மாள் மடியிலிருந்து கைப்பேசியை எடுத்தாள். அழைப்பு எடுக்கப்பட்டதும் அவள் நலம் விசாரிக்கவில்லை.

"சம்மந்தி, கன்னிவாடிலருந்து ஒச்சம்மா பேசுறேன். எம்மகன் கிணத்துல வழுக்கி விழுந்துட்டான்னு சொன்னேன்ல, அது பொய்யி. அவனுக்கு நெஞ்சுல கோளாறு. அதே கோளாறு எம்பொண்ணுக்கும் இருக்கு."

ஒச்சம்மாள் கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தாள்.

"கேக்குதா சம்மந்தி?"