பாதிப் பெயரில் ஒரு வழக்கு

டூ ஷொங் நீதிபதியின் உத்தரவைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். மேசைமேல் வைத்த பிறகும் அதிலிருந்து கையை எடுக்கவில்லை.

"வழக்க அழிச்சாச்சுன்னு இதுல இருக்கு. ஆனா வீடு கேட்டுப் போற எடத்துல எல்லாம் வழக்கு இருக்குங்கறாங்க."

அவர் ஹ்மோங் மொழியில் சொன்னதை, அதே இனத்துப் பெண்ணான உதவியாளர் பகூ லோர் வால்டருக்கு மொழிபெயர்த்தாள். வால்டர் டுவோராக் முன்பு காணாமல் போனவர்களைத் தேடியவர். இப்போது வாடகைக்குக் குடியிருப்போருக்காக வாதாடும் வக்கீல்களுக்கு விவரம் தேடிக் கொடுக்கிறார். வேலை சுலபமாகும் என்று நினைத்துத்தான் மாறினார்.

பழைய வழக்கு சாதாரணமானது. கூரை ஒழுகியது. டூ வாடகையை நிறுத்தினார். வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லி வழக்குப் போட்டுத் தோற்றார். யார் கண்ணிலும் படாதபடி அந்தப் பதிவை மூடிவிட நீதிபதி உத்தரவிட்டார்.

"இப்ப எங்க இருக்கீங்க?" என்றார் வால்டர்.

"என்கூட." கதவருகே நின்ற இளைஞன் பதில் சொன்னான். டூவின் மனைவி யூவாவுக்குத் தம்பி, பெயர் செங். கார் சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான். "கீழ்த்தளத்துல. அஞ்சு பேரு."

"ஒரு பைசா வாங்க மாட்டேங்கறான்," என்றார் டூ. "குடுத்தா சண்டைக்கு வர்றான். இப்படி ஒரு மச்சான் யாருக்குக் கெடைப்பான்?"

செங் சாவியைப் பார்த்தான்.

"கடைசியா கேட்ட வீடு மகளோட பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துல," என்றார் டூ. "வழக்கு இல்லைன்னு காட்ட வெள்ளிக்கிழமை வரைக்கும் வச்சிருக்கேன்னு சொல்லியிருக்காங்க. மேனேஜர் அம்மா மரியாதையாத்தான் பேசினாங்க. 'மன்னிக்கணும் மிஸ்டர் நியா டூ, உங்க பேர்ல ஒரு வழக்கு காட்டுது'ன்னாங்க."

பகூ அதை மொழிபெயர்த்தாள். வால்டர் குளிர்ந்துபோன காபியை ஒரு வாய் குடித்தார்.

வாசலில் ஹாரன் அடித்தது. ஜன்னலுக்குக் கீழே யூவாவின் குரல் கேட்டது: "நியா டூ! இங்க வண்டிய நிறுத்தக் கூடாதாம்!"

டூ உறையை எடுத்துக்கொண்டு எழுந்தார். செங் முன்னால் இறங்கிப் போனான்.

பகூ நீதிமன்றத்துக்குப் போய், பொதுமக்களுக்கான கம்ப்யூட்டரில் மாலைவரை தேடினாள். அமெரிக்காவில் ஹ்மோங் மக்கள் நிறைந்த செயின்ட் பால் நகரில் டூ ஷொங்குகளுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொருவரின் விலாசத்தையும் பார்த்தாள். ஒன்றுகூட இவருடையதில்லை.

"கோர்ட்டுல சுத்தமா மூடியிருக்காங்க," என்றாள் திரும்பி வந்து. "அப்ப பழைய வீட்டுக்காரன்தான். தோத்த கடுப்புல போன் போட்டுப் போட்டுக் கெடுக்கறான்."

"அவனுக்கு வேற வேலை இல்லையா? இவர் எங்கெங்க வீடு கேக்கறார்னு அவனுக்கு எப்படித் தெரியும்?"

"அப்ப, வாடகைக்கு வர்றவங்களப் பத்தி விசாரிச்சுச் சொல்ற கம்பெனி. கோர்ட்டு மூடறதுக்கு முன்னாடியே நகல் எடுத்து வச்சிருப்பான்."

"இருக்கலாம். கேட்டு எழுதினா பதில் வர வாரக்கணக்காகும். வெள்ளிக்கிழமை அதுக்குள்ள போயிடும்." வால்டர் முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். "பகூ, அந்த மேனேஜர் அவரை எப்படிக் கூப்பிட்டாங்க?"

"மிஸ்டர் டூன்னு."

"நீ எனக்கு அப்படித்தான் சொன்ன. அவர் சொன்னதுல முன்னாடி இன்னொரு சொல் இருந்தது. அவர் பொண்டாட்டி கீழேருந்து கத்தினப்பவும் அதே சொல்தான். நீ விட்டுட்ட."

பகூவுக்குச் சிரிப்பு வந்தது. "நியாவா? அது ஒண்ணும் இல்ல வால்டர். எங்க ஆம்பளைங்களுக்குக் கல்யாணமாகி, பிள்ளை பொறந்தப்புறம் பொண்டாட்டி வீட்டுல பெரியவங்க ஒரு பேரு வைப்பாங்க. பழைய பேருக்கு முன்னாடி சேத்துக் கூப்பிடுவாங்க. நீங்க கொழம்பக் கூடாதுன்னு நான்தான்…"

நிறுத்தினாள்.

"அவர் டிரைவிங் லைசென்ஸ்ல என்ன பேரு?" என்றார் வால்டர்.

"டூ."

"வீடு கேட்டு எழுதிக் குடுத்தது?"

"டூதான்." அவள் குரல் இறங்கியிருந்தது. "அந்த மேனேஜருக்கு அந்தப் பேரு தெரிய வழியே இல்ல."

மறுநாள் காலை முழுப் பெயரையும் அடித்துப் பார்த்தாள். ஒரே ஒரு வழக்கு வந்தது. போன வருடக் குளிர்காலம், ஊரின் கிழக்குப் பக்கம் ஓர் அறை. குடியிருந்தவர் விசாரணைக்கு வரவில்லை. காலி செய்ய உத்தரவு.

வியாழக்கிழமை டூ, யூவா, செங் மூவரையும் வால்டர் வரச் சொன்னார். நாற்காலி போதாமல் பகூ அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரில் சாய்ந்து நின்றாள்.

"நீதிபதி உத்தரவு ஒரு வழக்கைத்தான் மூடும்," என்றார் வால்டர். "ஆளை மூடாது. உங்க பேர்ல ரெண்டாவது வழக்கு ஒண்ணு இருக்கு."

"எந்த வீடு?" என்றார் டூ.

"யாரு போட்டது?" என்றாள் யூவா.

செங் எதுவும் கேட்கவில்லை.

"நியா டூ ஷொங்னு கையெழுத்துப் போட்டு ஒருத்தர் அறை எடுத்திருக்கார். பிறந்த தேதி உங்களது. குடும்பப் பேரும் தேதியும் ஒத்துப்போனதால அந்த வழக்கு உங்க தலையில விழுந்திருக்கு. டூ, உங்க அண்ணன் தம்பிங்க எங்க இருக்காங்க?"

"எல்லாரும் கலிபோர்னியாவுல."

"இந்த ஊர்ல உங்களை நியா டூன்னு கூப்பிடறது யாரு?"

டூ மனைவியைப் பார்த்தார். யூவா தம்பியைப் பார்த்தாள்.

"வேத்து ஆள் திருடியிருந்தா லைசென்ஸ்ல உள்ள பேரைத் திருடியிருப்பான்," என்றார் வால்டர். "இவரை அந்தப் பேர் சொல்லித்தான் கூப்பிடணும்னு பழகின ஆள் எழுதினது இது. கீழ்த்தளத்துக்கு வாடகை வாங்க மனசு வராத ஆள்."



"என்கூட இருந்தவ என்னை வெளிய தள்ளிக் கதவச் சாத்திட்டா," என்றான் செங். "கார்ல படுத்திருந்தேன். என் பேர்ல எவனும் அறை தரல. அப்பா வச்ச பேரு மாமா அது. அந்தப் பேர்ல ஒரு காகிதமும் கெடையாது. உங்களத் தொடாதுன்னு நெனச்சேன். அப்பறம் பாத்துட்டிருந்த வேலையும் போச்சு. வாடகை குடுக்க முடியல. இப்ப இருக்கற எடம் புது வேலை கெடச்சப்புறம்தான் கெடச்சது."

"கார்ல படுத்திருந்தியா?" என்றாள் யூவா. "அக்கான்னு ஒருத்தி எதுக்குடா இருக்கேன்?"

 டூ பகூவிடம் கேட்டார், "அந்த வழக்கு நான்தான்னு சொல்லி, மன்னிச்சு மூடுங்கன்னு கேட்டா?"

"பொய் சொல்லிக் கேக்க முடியாது," என்றார் வால்டர். "நீங்க இல்லைன்னா இல்லைன்னு சொல்லணும். நீதிபதி அடுத்து கேப்பார், அப்ப யாருன்னு."

"சொன்னா இவனுக்கு?"

"அந்த வழக்கு அவர் பேர்ல ஏறலாம். அவர் இருக்கறதும் வாடகை வீடுதானே."

யூவா அழவில்லை. "வீட்டுக்குப் போலாம்," என்றாள். எந்த வீடு என்று யாரும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை கழிந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து வீட்டில் வேறு யாரோ குடிவந்தார்கள். விசாரணை நாள் குறிக்கச் சொல்லி வால்டர் வக்கீலை விடாமல் துரத்தினார்.

விசாரணையன்று காலை மொழிபெயர்க்கப் பகூ போயிருந்தாள். நீதிமன்றக் கூடத்தில் காத்திருந்தவர்களின் குழந்தைகள் போட்ட கோட்டோடு தூங்கிக்கொண்டிருந்தன. டூ ஒரு பெஞ்சு முனையில், செங் மறுமுனையில், நடுவில் யூவா. சாட்சி சொல்ல வருவதாகச் செங் யாருக்கும் வாக்குக் கொடுத்திருக்கவில்லை. காரை அவன்தான் ஓட்டிவந்தான்.

குமாஸ்தா தாளைப் புரட்டினார். பெயரை உச்சரிக்கத் தயங்கி, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தார்.

"நியா டூ ஷொங்."

டூவும் செங்கும் எழுந்தார்கள்.

குமாஸ்தா ஒருவரிடமிருந்து மற்றவருக்குக் கண்ணை மாற்றினார். பகூ வாயைத் திறந்தாள். 

செங் அக்காவைத் தாண்டிக் கையை நீட்டி, டூவின் தோளை அழுத்தினான்.

"உக்காருங்க மாமா," என்றான். "இது நான்."