வலது கை பதினேழு, இடது கை மூன்று

சுண்டுவின் இடது கை மறுபடியும் தோற்றுவிட்டது.

"என்ன நீ, தினமும் இப்படியே தோத்தா எப்படி?" என்று அவள் இடது கையைக் கேட்டாள். இடது கை ஒன்றும் சொல்லவில்லை. மிச்சம் இருந்த இரண்டு அட்டைகளைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தது. வலது கைக்குத்தான் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டதுபோல் இருந்தது.

சிரிக்காதீர்கள். தினமும் இரண்டு மணி நேரம் பூட்டிய வீட்டுக்குள் தனியாக இருந்து பாருங்கள். உங்கள் கைகளோடு நீங்களும் பேச ஆரம்பித்துவிடுவீர்கள்.

சுண்டுவுக்குப் பத்து வயது. அவளுடைய அப்பா லிஃப்ட் பழுது பார்ப்பவர். எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட் பாதியில் நின்றாலும் அவருடைய போன் அலறும். அம்மாவுக்குப் பெரிய சலவைக்கூடம் ஒன்றில் வேலை. மருத்துவமனைப் படுக்கை விரிப்புகள் மலைபோல வந்து குவியும் இடம் அது. இரண்டு பேரும் வீடு திரும்ப ஏழு மணி ஆகிவிடும். இந்த ஊருக்கு அவர்கள் வந்து மூன்று மாதம் ஆகிறது. இந்த மூன்று மாதத்தில் வீட்டில் சுண்டுவோடு அதிகம் பேசியது குளிர்சாதனப் பெட்டிதான். அது மட்டும் அவ்வப்போது 'கொர்ர்' என்று ஏதாவது சொல்லும்.

பள்ளியிலும் அதே கதைதான். அங்கே அவளை எல்லோரும் 'புதுசு' என்றார்கள். "ஏய் புதுசு, கொஞ்சம் தள்ளு." "புதுசு, இது உன் பென்சிலா?" அவ்வளவுதான் பேச்சு.

பள்ளி விட்டதும் நான்கு மணியிலிருந்து ஐந்து மணிவரை, நூலகத்தின் பின்னறையில் பிள்ளைகள் 'பூதப் பாய்ச்சல்' ஆடுவார்கள். அது அட்டை விளையாட்டு. கடையில் அட்டைகள் பாக்கெட்டில் வரும். உள்ளே எந்தப் பூதம் இருக்கும் என்று பிரித்தால்தான் தெரியும். இரண்டு கொட்டாவிக் கரடியைக் கொடுத்து ஒரு மின்னல் பல்லியை வாங்குவது, மூக்குறிஞ்சிப் பூதத்தை யார் தலையிலாவது கட்டுவது என்று அங்கே பேரம் தூள் பறக்கும்.

விளையாட்டு எளிதானது. ஆளுக்குப் பத்துப் பொத்தான்; அவைதான் உயிர். முறை வந்ததும் ஒரு பூதத்தை மேசையில் இறக்க வேண்டும். உடனே மேசையில் இருக்கும் அவருடைய பூதங்கள் எல்லாம் எதிராளிமேல் பாயும். அட்டைகளில் எத்தனை நட்சத்திரமோ அத்தனை பொத்தான் எதிராளியிடமிருந்து போய்விடும். பொத்தான் தீர்ந்தால் தோல்வி.

சுண்டுவும் அட்டைகள் வைத்திருந்தாள். தினமும் பின்னறைக்குப் போனாள். ஆனால் அங்கே எல்லோருக்கும் ஏற்கெனவே ஜோடி இருந்தது. "நானும் வரட்டுமா?" என்று கேட்க வாயைத் திறப்பாள். அதற்குள் ஆட்டம் தொடங்கிவிடும். வாயை மூடிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்து பார்ப்பாள். ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்து, கைகளை ஆடவிடுவாள்.

அன்று இடது கையைப் பார்க்கப் பாவமாக இருந்ததால், "சரி, இந்தத் தடவை நீ முதல்ல ஆடு" என்றாள்.

இடது கை ஜெயித்தது. அடுத்த ஆட்டத்திலும் முதலில் ஆடி ஜெயித்தது.

சுண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அப்பா ஒரு லிஃப்டைச் சரிசெய்தால், இருபது தடவை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்து, ஒவ்வொன்றையும் நோட்டில் குறித்த பிறகுதான் கையெழுத்துப் போடுவார். சுண்டுவும் ஒரு நோட்டை எடுத்தாள். வலது கை முதலில் ஆட, இருபது ஆட்டம். இடது கை முதலில் ஆட, இருபது ஆட்டம். முடிக்க நான்கு நாள் ஆனது.

வலது கை தொடங்கியபோது, வலது கை பதினேழு, இடது கை மூன்று. இடது கை தொடங்கியபோது, இடது கை பதினாறு, வலது கை நான்கு.

ஆக, கெட்டிக்காரக் கை என்று ஒன்றுமே இல்லை. முதலில் ஆடும் கைதான் ஜெயிக்கிறது!

இதை உடனே யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் துடித்தது. அம்மா வந்ததும் ஓடினாள்.

"அம்மா, முதல்ல ஆடுறவங்கதான் ஜெயிக்கிறாங்க! இருபதுல பதினேழு!"

"அப்படியா கண்ணு?" என்றாள் அம்மா, செருப்பைக் கழற்றியபடி. "ரொம்ப நல்லது. யாரு, உன் ஃப்ரெண்ட்ஸா?"

சுண்டு அம்மாவின் பையை வாங்கி உள்ளே வைத்தாள். அன்றைக்கு அவளுக்கு அழுகை வந்தது. ஏன் என்று அம்மா கேட்டபோது தலைவலி என்று பொய் சொன்னாள்.

மறுநாள் பின்னறையில் பெரிய சண்டை.

அங்கே கேப்டன் என்று ஒரு பையன் உண்டு. அவன்தான் அங்கே ராஜா. சுவரில் ஒட்டியிருந்த பட்டியலில் அவன் பெயருக்கு நேரே முப்பத்தாறு வெற்றி. ஆடியதே நாற்பத்தொரு ஆட்டம்தான்.

"இவன் கார்டுல ஏதோ தில்லுமுல்லு பண்றான்!" என்று கத்தினான் தும்மல். கோபம் வந்தால் தும்முகிற பையன் அவன். அப்போது மூன்று தும்மல் போட்டான். "இனிமே இவன் இருக்கிற ரூமுக்கே நான் வர மாட்டேன்!"

"நான் ஒண்ணும் பண்ணல! உங்களுக்கு ஆடத் தெரியல, அதுக்கு நான் என்ன செய்யட்டும்?" என்றான் கேப்டன்.

அவ்வளவுதான். பிள்ளைகள் அட்டைகளை வாரிக்கொண்டு ஒவ்வொருவராக வெளியேறினார்கள். பத்தே நிமிடத்தில் அறை காலியானது. கேப்டன் தன் பூதங்களோடு தனியாக உட்கார்ந்திருந்தான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஓரத்தில் இருந்தவளைப் பார்த்தான்.

"புதுசு, ஆடுறியா?"

மூன்று மாதமாக அவள் காத்திருந்த கேள்வி அது. சுண்டு ஓடிப்போய் எதிரே உட்கார்ந்தாள்.

"நான்தான் முதல்ல" என்றான் கேப்டன். "அதிகமா ஜெயிச்சவங்கதான் ஆரம்பிக்கணும். லைப்ரரி அக்கா போட்ட ரூல்."

சுண்டு தோற்றாள். மறுநாளும் தோற்றாள். அதற்கு மறுநாளும். ஆனாலும் அவளுக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! கேப்டன் அவளோடு பேசினான். மூக்குறிஞ்சிப் பூதம் மாதிரி உறிஞ்சிக் காட்டினான். "நாளைக்கு வருவல்ல?" என்று கேட்டான்.

நோட்டு பைக்குள்தான் இருந்தது. அதைக் காட்டினால் கேப்டனுக்குக் கோபம் வரும். அவனும் போய்விடுவான். காட்டாவிட்டால் தினமும் ஓர் ஆள் எதிரே உட்காருவான். தோற்றால்தான் என்ன?

நான்காம் நாள் அட்டையை அடுக்கிக்கொண்டே கேப்டன் சொன்னான்: "தும்மல் இன்னைக்கு என்கூடப் பேசவே இல்ல. கேண்டீன்ல நான் உட்கார்ந்ததும் எல்லாரும் எழுந்து போயிட்டாங்க. நான் நிஜமாவே எந்தத் தில்லுமுல்லும் பண்ணல, புதுசு."

"எனக்குத் தெரியும்" என்றாள் சுண்டு.

"எப்படித் தெரியும்?"

அவன் முகத்தைப் பார்த்த பிறகு அவளால் மறைக்க முடியவில்லை. நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். "முதல்ல ஆடுறவங்கதான் ஜெயிக்கிறாங்க. முதல் நாளே நீ ஜெயிச்சிட்ட. அதனால அப்புறம் எப்பவும் நீதான் ஆரம்பிச்ச. ஆரம்பிச்சதால ஜெயிச்ச. ஜெயிச்சதால மறுபடி ஆரம்பிச்ச."

கேப்டனின் காது சிவந்தது. "அப்போ நான் சும்மாவா ஜெயிச்சேன்?"

"அப்படி இல்ல..."

"இவ்வளவு ஆட்டம் யார்கூட ஆடின? யாரும் உன்னைச் சேர்த்துக்கவே மாட்டாங்களே!"

சுண்டு தலையைக் குனிந்துகொண்டாள். "என்கூடத்தான். ஒரு கைக்கும் இன்னொரு கைக்கும்."

"லூசு!" என்று சொல்லிவிட்டுக் கேப்டன் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

அன்று வெள்ளிக்கிழமை. சனியும் ஞாயிறும் எப்படிப் போயின என்று கேட்காதீர்கள். சனிக்கிழமையும் அம்மாவுக்கு வேலை இருந்தது. அப்பாவை ஒரு லிஃப்ட் கூப்பிட்டுக்கொண்டது. சுண்டு அட்டைப் பெட்டியைத் திறக்கவே இல்லை. ஜன்னலோரம் நின்று கீழே பந்து விளையாடும் பிள்ளைகளை எண்ணினாள். ஏழு பேர். மறுபடி எண்ணினாலும் ஏழு பேர்தான். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

திங்கட்கிழமை பின்னறையை எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே வீட்டுக்குப் போய்விடலாம் என்று வந்தாள். உள்ளே கேப்டன் இருந்தான். முன்னால் ஒரு கசங்கிய தாள்.

"பதினெட்டு, ரெண்டு" என்றான், அவளைப் பார்க்காமலே. "என் வலது கைக்கும் இடது கைக்கும். வலது கைதான் முதல்ல ஆடிச்சு."

சுண்டு நின்ற இடத்திலேயே நின்றாள்.

"தும்மல் வீட்டுக்குப் போனேன். கதவையே திறக்கல. மத்தவங்களும் வர மாட்டேன்னுட்டாங்க. வேற யார்கூட ஆடுறது?" அவன் தாளின் கசங்கலை நீவினான். "ரெண்டு நாள்தான் தனியா ஆடினேன். ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. நீ மூணு மாசமாவா ஆடின?"

சுண்டு தலையாட்டினாள்.

"லூசுன்னு சொன்னது தப்பு. உட்காரு. இதை எப்படிச் சரி பண்றது?"

"முதல்ல ஆடுறவங்களோட பூதம், முதல் தடவை பாயக் கூடாதுன்னு வெச்சா?"

"அப்புறம் அது மேசைமேல எதுக்கு? தூங்கவா?"

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த யோசனையை விட்டார்கள். பூதம் பாயாவிட்டால் பூதப் பாய்ச்சல் என்று எப்படிச் சொல்வது?

"ரெண்டாவதா ஆடுறவங்களுக்குப் பொத்தான் கூடக் கொடுத்தா?" என்றாள் சுண்டு.

ஐந்து பொத்தான் கூடக் கொடுத்து, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இருபது ஆட்டம் ஆடினார்கள். எல்லாம் தலைகீழானது: முதலில் ஆடியவருக்கு மூன்று வெற்றி, இரண்டாவதாக ஆடியவருக்குப் பதினேழு. ஒரு பொத்தான் மட்டும் கொடுத்தார்கள்: முதலில் ஆடியவருக்குப் பதினைந்து, மற்றவருக்கு ஐந்து. இரண்டு வாரம் ஓடிய பிறகு, கடைசியாக இரண்டு பொத்தான் கொடுத்தார்கள்: பதினொன்றுக்கு ஒன்பது!

"இது போதும்!" என்று கேப்டன் மேசையைத் தட்டினான். "யார் ஆரம்பிக்கிறதுன்னு ஒவ்வொரு தடவையும் காசு சுண்டிப் பார்த்துக்கலாம்."

சத்தம் கேட்டு நூலகத்து அக்கா எட்டிப் பார்த்தார். நடந்ததை எல்லாம் கேட்டதும் அவர் முகம் ஒருமாதிரி ஆனது. "நான்தான் முதல்ல, நான்தான் முதல்லன்னு எல்லாரும் கத்தினாங்க. எப்படியாவது சத்தம் நின்னா போதும்னு வாயில வந்த ஒரு ரூலைச் சொன்னேன். அதையா இத்தனை நாளா புடிச்சிட்டிருந்தீங்க?"

கேப்டன் எழுந்து போய்ச் சுவரில் இருந்த பட்டியலைக் கிழித்தான். முப்பத்தாறு என்ற எண்ணை ஒரு நிமிடம் பார்த்தான். பிறகு மடித்துக் குப்பைக் கூடையில் போட்டான். அது அவனுக்கு எளிதாக இருக்கவில்லை என்று சுண்டுவுக்குத் தெரிந்தது.

மறுநாள் தும்மலைத் தேடிப் போனவள் சுண்டுதான். "ஒரே ஒரு ஆட்டம். புது ரூல். புடிக்கலேன்னா போயிடு" என்றாள். புதுசு இவ்வளவு நீளமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. அந்த ஆச்சரியத்திலேயே தும்மல் வந்துவிட்டான்.

காசு சுண்டினார்கள். கேப்டன்தான் முதலில். தும்மலுக்குப் பன்னிரண்டு பொத்தான். கடைசிச் சுற்றில் கேப்டனின் பூதங்கள் பாய்ந்தபோது தும்மலிடம் ஒரே ஒரு பொத்தான் மிஞ்சியது. பத்துப் பொத்தான் மட்டும் இருந்திருந்தால் கதை அப்போதே முடிந்திருக்கும். தும்மல் கொட்டாவிக் கரடியை இறக்கினான்.

கேப்டன் தோற்றான்!

தும்மல் நாற்காலிமேல் ஏறிக் குதித்தான். சந்தோஷத்திலும் அவனுக்குத் தும்மல் வந்தது. ஆறு தும்மல். கேப்டன் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு, "இன்னொரு ஆட்டம்?" என்றான். தும்மல் உடனே உட்கார்ந்தான்.

அந்த வாரமே மற்றவர்களும் திரும்பி வந்தார்கள். பின்னறையில் மறுபடி பேரமும் கூச்சலும். அக்கா ஒருநாளைக்குப் பத்துத் தடவை 'உஷ்' என்றார். இப்போது புது ரூல் எதையும் சொல்லாமல் ஜாக்கிரதையாக 'உஷ்' மட்டும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை சுண்டு தும்மலோடு ஆடி ஜெயித்தாள்.

"நாளைக்கு லீவு. திங்கட்கிழமை சுண்டு என்கூடத்தான் ஆடணும். நான் பழி வாங்கணும்" என்றான் தும்மல்.

"அதெல்லாம் முடியாது. திங்கட்கிழமை என் முறை" என்றான் கேப்டன்.

"நீ நேத்துதான ஆடின?"

"அதுக்கு? காலையிலேயே நான்தான் முதல்ல கேட்டேன்!"

"எப்பப் பார்த்தாலும் நீதான் முதல்லயா?"

சண்டை வலுத்தது. அதை நிறுத்த ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் சுண்டு ஒன்றும் சொல்லாமல், சிரிப்பை அடக்கிக்கொண்டு, அட்டைகளை மெதுவாக, மிக மெதுவாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.