மடியில் சிந்திய திருநீறு

இரவு ஷிப்ட் முடிந்து, மேட்ரன் அம்புஜம் வீங்கிய காலை ஸ்டூலில் தூக்கி வைத்த நேரத்தில்தான் நர்ஸ் சண்முகப்பிரியா அழுதுகொண்டு வந்தாள். அம்புஜத்துக்குச் சலிப்பாக இருந்தது. இந்த ஆஸ்பத்திரியில் யார் தவறு செய்தாலும் பழி கடைசியில் ஒரு நர்ஸின் தலையில்தான் விடியும்.

மில் முதலாளி அங்கப்பனுக்கு மாரடைப்பு. வலது தொடை ரத்தக்குழாய் வழியே நெஞ்சுவரை ஒரு பலூனைச் செலுத்தி, அதை மெஷின் ஊதி ஊதி இதயத்துக்குத் துணை செய்துகொண்டிருந்தது. அந்தக் காலை மடக்கவே கூடாது. அந்தக் கால்தான் திடீரென்று ஜில்லிட்டுப்போகவே, பலூனை இடது தொடைக்கு மாற்றியிருந்தார்கள். வலது கால் பிழைக்குமா என்று யாருக்கும் தெரியவில்லை. சண்முகப்பிரியா கவனிக்கவில்லை என்று சொல்லி, டாக்டர் வேங்கடசாமி அவளை வேலையிலிருந்து நிற்கச் சொல்லிவிட்டார்.

“ரத்தம் வாங்கியாரச் சொல்லி அவருதானுங்க அனுப்புனாரு. போறப்ப பாதத்துல நாடி நல்லா இருந்துச்சுங்க” என்றாள்.

வார்டில் மெஷினைப் பார்த்துக்கொள்ளும் ரசாக் துள்ளிக்கொண்டிருந்தான். சொத்துக்காக யாரோ மெஷினில் கைவைத்திருக்கிறார்கள் என்பது அவன் கட்சி. அம்புஜம் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு நோயாளியைப் பார்த்தாள். நெற்றியில் புதுத் திருநீறு. தலையணை சுத்தமாக இருந்தது. நாற்காலியில் எடுத்துப் போட்டிருந்த அவர் போர்வையில், மடி வரும் இடத்தில் திருநீறு சிந்தியிருந்தது. வார்டு வாசலில் காவலுக்கு இருக்கும் சுப்பண்ணனோ, டாக்டர் கூட்டிவராமல் கலெக்டரையே உள்ளே விடாத மனுஷன்.

டாக்டரை வரச்சொல்லி, எல்லோரையும் கட்டிலருகே நிறுத்தினாள்.

“படுத்திருக்கறவருக்குப் பூசுனா திருநீறு தலையணையிலதான் சிந்துமுங்க. மடியில சிந்தியிருக்குது. அப்ப இவரு எந்திரிச்சு உக்காந்திருக்காரு. தொடை மடங்கிக் குழாய் நெளிஞ்சுபோச்சு, ரத்தம் கட்டிப்போச்சு. பூச வந்தவங்களை உள்ள கூட்டியாந்தது யாருங்க டாக்டர்?”

அங்கப்பன்தான் ஈனசுரத்தில் பதில் சொன்னார்.

“கொடுமுடியிலிருந்து சம்பந்தி வந்தாருங்க. டாக்டர் கூட்டியாந்து உட்டுப்போட்டு போன் பேசப் போயிட்டாரு. பொண்ணைக் குடுத்த எடமுங்க. அவரு நிக்க, நான் காலை நீட்டிப் படுத்துக்கிட்டிருக்க முடியுங்களா?”

ரசாக் மெஷினைத் துடைக்கப் போய்விட்டான். அம்புஜத்துக்குக் கோபம்கூட வரவில்லை; அசதிதான் வந்தது. சண்முகப்பிரியா வேலையில் தொடரட்டும் என்று முணுமுணுத்த டாக்டர், மன்னிப்புக் கேட்கக் கட்டிலை நெருங்கினார். பெரிய டாக்டர் பக்கத்தில் வருகிறாரே என்று அங்கப்பன் முழங்கையை ஊன்றி எழப்பார்த்தார்.

சண்முகப்பிரியா பாய்ந்து அவருடைய இடது முழங்காலை அழுத்திப் பிடித்தாள்.

“படுத்துக்கிட்டே கும்பிடுங்க, போதும். இந்தக் காலாவது நமக்கு வேணுமுங்க.”