பழைய பிளேட் எங்கே?

"பழசு எங்கே?"

கையிலிருந்த கார்புரேட்டரைத் துடைத்துக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டான் கடைக்காரன். தார்ப்பாய்மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. மொராவா ஆற்றங்கரையில் ஞாயிறுதோறும் கூடும் உதிரிபாகச் சந்தை அது. காலையிலிருந்து இருபது கடை ஏறி இறங்கிய நெவேனாவுக்குப் பொறுமை எப்போதோ போயிருந்தது.

"பழசு இல்ல. ஃபிச்சா கார், எழுபத்தொன்பதாம் வருஷம். கிளட்ச் பிளேட் வேணும். இருக்கா, இல்லையா?"

"வருஷத்தையா கேட்டேன் அம்மணி? பழைய பிளேட்டைக் கேட்டேன்."

"தூக்கிப் போட்டாச்சு. பேப்பர் இருக்கு, பாருங்க."

"பேப்பர்ல எழுதினதை வண்டி படிச்சா பார்க்குது? நம்ம ஊர்ல எந்த ஃபிச்சா பிறந்த மேனிக்கு இருக்கு? எஞ்சின் ஒருத்தனோடது, கியர்பாக்ஸ் இன்னொருத்தனோடது. நடுத் துளையில எத்தனை பல்லுன்னு எண்ணாம நான் விக்கறதில்ல."

"எங்கப்பா அந்த வண்டியைத் தொழிற்சாலையில முப்பது வருஷம் கையால பூட்டினவர். வேற வண்டிச் சாமான் ஒரு திருகாணிகூட அதுல இருக்காது!"

"பூட்டினவங்க வண்டிதான் அம்மணி மோசம். அவங்களுக்குத்தானே கழட்டவும் தெரியும்..."

சிரித்துக்கொண்டே நிமிர்ந்தான். கறுப்பு உடை, கறுப்புத் தலைத்துணி, அதற்குக் கீழே அழுது அழுது சிவந்த இரண்டு கண்கள்... அவன் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. சாம்பல் நிறக் கண்கள் அவனுக்கு. கோபத்திலும் அதைக் கவனித்துத் தொலைத்ததற்காக நெவேனா தன்னையே திட்டிக்கொண்டாள்.

"அவர் செத்து முப்பத்திநாலு நாளாச்சு. நல்லா சிரிங்க," என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கினாள்.

அடுத்த கடைக்காரன் எதுவுமே கேட்கவில்லை. எழுபத்தொன்பது என்றாள், எடுத்துக் கொடுத்தான். பல் எண்ணச் சொன்னவன் திமிர் பிடித்தவன், பல்லைக் காட்டியவன் நல்லவன். கோபத்தில் இருக்கும் பெண்ணுக்கு வேறு எப்படித் தோன்றும்?

பழைய பிளேட் எங்கே போயிற்று என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்த அன்று, ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிடமாகும் என்றார்கள். அவளே ஃபிச்சாவை எடுத்தாள். ஆஸ்பத்திரி மேட்டில் பாதி ஏறியதும் எஞ்சின் மட்டும் கத்தியது, வண்டி நகரவில்லை. உள்ளே கருகல் நெடி. "காலை எடு கண்ணு... காலை எடு..." என்றார் அப்பா. அதுதான் கடைசிப் பேச்சு. பக்கத்து வீட்டு ஸ்தோயான் மாமா எஞ்சினை இறக்கிப் பிளேட்டைக் கையில் கொடுத்தபோதும் அதே நெடி அடித்தது. நேராகப் போய் ஆற்றில் வீசிவிட்டு வந்தாள்.

கல்லறையும் அதே மேட்டு உச்சியில்தான். நாற்பதாம் நாள் உங்கள் வண்டியிலேயே உங்களிடம் வருவேன் என்று சவப்பெட்டியைத் தொட்டுச் சொல்லியிருந்தாள். வருகிற சனிக்கிழமை நாற்பது. ஓடாத வண்டியை வைத்து என்ன செய்வது என்று அண்ணன் ராதோயே அதற்கடுத்த திங்கட்கிழமைக்கு இரும்புக்கடைக்காரனை வரச் சொல்லிவிட்டான்.

வியாழக்கிழமை ஸ்தோயான் மாமா புதுப் பிளேட்டைக் கியர்பாக்ஸ் ஷாஃப்டில் மாட்டிப் பார்த்தார். ஏறவில்லை. திருப்பிப் பார்த்தார். அப்போதும் ஏறவில்லை.

"இது உன் வண்டிக் கியர்பாக்ஸே இல்லம்மா. உங்கப்பன் எப்பவோ மாத்தியிருக்கான். யார்கிட்டயும் சொல்லல, கள்ளன்!"

நெவேனாவுக்கு முகம் சுண்டிப்போனது. அலமாரிக்குள் ஒரு மாதமாகத் தொடாமல் கிடந்த நகப்பூச்சை எடுத்து வந்தாள். ஷாஃப்டின் ஒரு பல்லில் சிவப்பாகப் பொட்டு வைத்து, அங்கிருந்து சுற்றி எண்ணினாள். இருபது. மறுபடி எண்ணினாள். இருபதேதான்.

வெள்ளிக்கிழமை காலை ஊரில் விசாரித்து, பல் எண்ணச் சொன்னவனின் ரயில் பாதையோரப் பட்டறைக்குப் போனாள். பெயர் வுகாஷின் என்று சொல்லியிருந்தார்கள்.

"வந்துட்டேன். நான் தப்பு, நீங்க சரி, போதுமா? இருபது பல்லு. இப்ப குடுங்க."

அவன் கேலி செய்வான் என்று பதில்கூடத் தயாராக வைத்திருந்தாள். அவனோ வெளிறிப்போய் நின்றான்.

"எழுபத்தொன்பது ஃபிச்சாவுல இருபது பல்லா..." என்றான். "வெள்ளை வண்டியா? இடது விளக்குல விரிசலா?"

"உங்களுக்கு எப்படி..."

மேசைக்கு அடியிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய ஒரு வட்டத்தை எடுத்து வைத்தான். மேலே பென்சிலில் எழுதியிருந்தது: 'வெள்ளை ஃபிச்சாப் பெரியவருக்கு.'

"போன வசந்தத்துல பிளேட் கேட்டு வந்தார். 'ஏத்தம் இழுக்கறதுக்காகக் கியர்பாக்ஸை மாத்தினேன், என் பொண்ணுக்குத் தெரியாது'ன்னு சிரிச்சார். இருபது பல்லுன்னு வாய்க்கணக்கா சொன்னார். நான் நம்பல. பழசைக் கழட்டி எடுத்துட்டு வாங்கன்னு திருப்பி அனுப்பிட்டேன். உங்களை அனுப்பின மாதிரியே. அப்புறம் மனசு கேக்காம ஒண்ணு தேடி வாங்கி வெச்சேன். அவர் வரவே இல்ல. பேரும் கேட்டு வெச்சுக்கல நான்."

நெவேனா அந்தப் பென்சில் எழுத்தைத் தடவிப் பார்த்தாள். ஆற்றில் போட்டது, கருகல் நெடி, அப்பாவின் கடைசி வார்த்தை... எல்லாவற்றையும் அந்த அந்நியனிடம் கொட்டினாள். "என் கால்தான் கொன்னுது. எனக்கு ஓட்டத் தெரியல."

"எஞ்சின் பக்கத்து இரும்பு வட்டத்துல கோடு விழுந்திருக்கா? தடவிப் பார்த்தீங்களா?"

"ரெண்டு கோடு. நகம் மாட்டுது."

"ஆணி கீறின கோடு அது. பிளேட் தேய்ஞ்சு ஆணி தெரியற அளவுக்கு வர வருஷக்கணக்காகும், ஒரு ஏத்தத்துல ஆகாது. அன்னிக்கு யார் ஓட்டியிருந்தாலும் அது ஏறியிருக்காது." தலையைக் குனிந்துகொண்டான். "வசந்தத்துலயே நான் குடுத்திருந்தா ஏறியிருக்கும். இதைச் சொல்லாமலே பிளேட்டைக் குடுத்து அனுப்பியிருக்கலாம். உங்ககிட்ட மறைச்சுட்டு அப்புறம் உங்க முகத்தைப் பார்க்க முடியாதுங்க. ஞாயித்துக்கிழமையிலிருந்து அந்த முகம்தான் கண்ணுக்குள்ள நிக்குது."

அவள் பொட்டலத்தை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு வெளியேறினாள். வழியெல்லாம் அவனை வெறுக்கப் பார்த்தாள். முடியவில்லை. திருப்பி அனுப்பியவனும் அவன்தான், தேடி வாங்கி வைத்தவனும் அவன்தான். பாவி, ஏன் இரண்டையும் செய்தான்?

ஸ்தோயான் மாமா அன்று இரவே பிளேட்டை மாட்டி முடித்தார். சனிக்கிழமை காலை, வுகாஷினின் பட்டறை வாசலில் ஒரு ஹாரன் கேட்டது. விரிசல் விட்ட விளக்கோடு வெள்ளை ஃபிச்சா. பின்சீட்டில் மெழுகுவர்த்தியும் படையலுக்கு வேகவைத்த கோதுமையும் ஒரு பாட்டில் ரகியா சாராயமும்.

"ஏறுங்க. நீங்களும் வந்து அவர்கிட்ட சொல்லணும்."

தூறல் விடவில்லை. மேட்டில் பாதி ஏறியதும் அவள் வண்டியை நிறுத்திவிட்டாள்.

"இங்கதான்," என்றாள். "இங்கிருந்து எடுக்கணும். என்னால முடியல..."

அவன் ஹேண்ட்பிரேக்கைப் பிடித்தான். "நான் பிடிச்சிருக்கேன். பின்னால போகாது. நீங்க மெதுவா காலை எடுங்க."

அப்பாவின் அதே வார்த்தை. கண்ணீர் வழிய வழியக் காலை எடுத்தாள். பிளேட் கவ்வியது. வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது.

"விடட்டுமா?"

"விடுங்க."

வண்டி ஏறியது. உச்சி வரைக்கும் ஒரே மூச்சாக ஏறியது.

கல்லறையில் மெழுகுவர்த்தி மழையில் இரண்டு தடவை அணைந்தது. மூன்றாம் தடவை அவன் கையைக் குவித்து மறைத்துக்கொண்டான். மண்ணில் ரகியாவை ஊற்றி, "பெரியவரே, அன்னிக்கு உங்க வாய்க்கணக்கு சரிதான். மன்னிச்சுடுங்க," என்றான். அழுதான். ஒரு ஆண் அப்படி அழுது நெவேனா பார்த்ததில்லை.

திரும்பும்போது வண்டிக் கதவருகே நின்றாள்.

"எனக்கு ஒரு வருஷம் கறுப்புதான். அடுத்த இலையுதிர் வரைக்கும் சிரிக்கக்கூட மாட்டேன். ஊர் பேசும்."

"காத்திருக்கேன்."

"அண்ணன் கத்துவான்."

"கத்தட்டும். காத்திருக்கேன்னு சொன்னேனே."

நனைந்த தலைத்துணியை இழுத்து விட்டுக்கொண்டாள். சாம்பல் நிறக் கண்களை இந்தத் தடவை அவள் தவிர்க்கவில்லை.

"வலிக்குதுன்னு ஒரு பிளேட்டை ஆத்துல போட்டேன். உங்களையும் அப்படிப் போட்டுடத்தான் நேத்து ராத்திரி முழுக்கப் பார்த்தேன்... மனசு வரல வுகாஷின். வீட்டுக்கு ஓட்டிட்டு வாங்க."

சாவியை அவன் கையில் வைத்தாள்.