ஓம்புயிரி தெரியவில்லை

குளவி சன்னலின் உட்பக்கத்தில்தான் செத்துக் கிடந்தது. கடுகில் பாதி இருக்கும். கறுத்த உடம்பு, வெளிறிய மஞ்சள் கால்கள். இதே போன்ற ஒன்றைப் பொங்கலுக்கு முன்னால் இதே சன்னல் கட்டையில் எடுத்தபோது மருதாள் சின்னப் பிள்ளை போலத் துள்ளினாள். இன்று துள்ளவில்லை. இடம்தான் அவளை உறுத்தியது.

கல்லூரியில் விலங்கியல் பாடம் எடுப்பவள் மருதாள். ஒட்டுண்ணிக் குளவிகள் என்றால் அவளுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். இன்னொரு உயிரின் உடம்புக்குள் முட்டையிடும் சாதி அது. புழுக்கள் அந்த உடம்பை உள்ளிருந்தே தின்று வளரும். பொங்கலுக்குக் கிடைத்த குளவி உலகில் யாரும் பெயர் வைக்காத புது இனம் என்று தெரிந்ததும், எட்டு மாத மகளின் பெயரையே அதற்கு வைத்துவிட்டாள். "ஏம் புள்ள, கொசுவாட்டம் இருக்குது, அதுக்குப் போயி நம்ம கண்ணு பேரையா வெக்கறது?" என்று கணவன் கிட்டுசாமி கேலி செய்தான்.

புது இனத்துக்குப் பெயர் வைத்தால், அந்தப் பெயருக்குச் சாட்சியாக ஒரே ஒரு பூச்சியைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். அதற்கு ஹோலோடைப் என்று பெயர். முக்கோண அட்டை நுனியில் ஒட்டி, ஊசியில் குத்தி, கீழே சிவப்புச் சீட்டு செருகி, அதைப் பெட்டியில் வைத்திருந்தாள். நாளை அது கல்கத்தா மியூசியத்துக்குப் போகிறது. எல்லாம் எழுதியாகிவிட்டது. எந்த உயிரைத் தின்று வளர்ந்தது என்ற இடத்தில் மட்டும் 'ஓம்புயிரி தெரியவில்லை' என்று இருந்தது.

தெரியாமல் என்ன, பருத்திப் புழுவாகத்தான் இருக்கும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். ஊர் மண்ணரை. அவர்கள் வீட்டுக்குக் கீழேயே கிட்டுசாமியின் பனியன் கம்பெனி. நிட்டிங் மெஷின்களும், மூலையில் மலைபோல நூல் வேஸ்ட் மூட்டைகளும். அந்த வேஸ்டை ஒரு கண்ணாடி ஜாடியில் அடைத்து, வாயில் துணி கட்டி, மாதக்கணக்கில் பார்த்தாள். ஒன்றும் வெளியே வரவில்லை. வராதுதான். மில்லில் அடிபட்டு நூலாகி வந்த பஞ்சில் எந்தப் புழு உயிரோடு இருக்கும்?

பிறந்த குளவி வெளிச்சத்தைத் தேடிப் போகும். கண்ணாடியில் முட்டி, அங்கேயே சாகும். உட்பக்கம் செத்துக் கிடந்தால் உள்ளே பிறந்தது என்று பொருள். பஞ்சுத் தூசி குழந்தைக்கு ஆகாது என்று, அவள் பிறந்த நாளிலிருந்தே இந்தச் சன்னலைத் திறப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை. மெஷின்கள் ஓடவில்லை. வாரம் முழுக்கத் தரையை அதிர வைக்கும் அந்த இரைச்சல் இல்லாமல் போனதும், உள்ளறையிலிருந்து வேறொரு சத்தம் மெல்ல வந்தது. பட்டுப்புழுக்கள் தட்டில் இலை தின்கிற மாதிரி, நிற்காமல், அவசரமில்லாமல். உச்சி வெயில் சன்னல் வழியாக மேசை மீது விழுந்தது. தட்டில் சோறு காய்ந்து கிடந்தது; பார்சல் அனுப்பும் பரபரப்பில் அவளுக்குக் காலையிலிருந்தே பசியில்லை. தோள்பட்டையில் நமநமவென்று அரித்தது. பஞ்சுத் தூசி அரிப்பு இந்த ஊரில் யாருக்குத்தான் இல்லை? ரவிக்கையோடு சேர்த்துச் சொறிந்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள்.

படியேறி வந்தாள் செல்லத்தாய். தெற்கேயிருந்து பிழைக்க வந்தவள்; கம்பெனியில் செக்கிங் வேலை, நேரம் கிடைத்தால் குழந்தையையும் பார்த்துக்கொள்வாள்.

"யக்கா, காலைல பிள்ளைய குளிப்பாட்டலாம்னு போனேன். அண்ணாச்சி என்னைய தொட்டில்கிட்ட அண்டவே விடல. வாயத் தொறந்து ஒரு வார்த்தை பேசல. சோறும் அப்படியே இருக்கு."

"ஒடம்புக்கு முடியலையோ என்னமோ, நான் பாக்கறேன்," என்றாள் மருதாள்.

கணியூர்ப் பக்கத்து முட்டைக்கோசுத் தோட்டமொன்றில் முன்பு பார்த்த பச்சைப் புழு நினைவுக்கு வந்தது. குளவிப் புழுக்கள் அதன் தோலைத் துளைத்து வெளியேறி, பக்கத்திலேயே வெள்ளைக் கூடு கட்டியிருந்தன. ஆனாலும் அது சாகவில்லை. தின்னவும் இல்லை. தன்னைத் தின்றவற்றின் கூடுகள் மீதே நின்று காவல் காத்தது. பென்சில் நுனியைக் கிட்டே கொண்டுபோனால் தலையை வீசும். இடது, வலது, இடது. கூலியில்லாத காவல்காரன் என்று சொல்லி வகுப்பைச் சிரிக்க வைத்திருக்கிறாள்.

குழந்தை உள்ளறையில் இருந்தது. எழுந்தாள்.

உள்ளறைக் கதவைத் தள்ளியதும் புது நூல் வாடையும் திரிந்த பால் வாடையும் சேர்ந்து முகத்தில் அடித்தன. உத்தரத்துக் கொக்கியிலிருந்து பனியன் துணியில் கட்டிய தொட்டில் தொங்கியது. கிட்டுசாமி சட்டையில்லாமல் அதன் மேல் குனிந்து நின்றான். முதுகு நிறையத் துளைகள். ஊசி போட்ட மாதிரி, சின்னச் சின்னதாக. சொட்டு ரத்தம் இல்லை. தொட்டிலின் வெள்ளைத் துணி மேல் வெள்ளையாக, அரிசி அரிசியாகக் கூடுகள். துணியே தெரியவில்லை. சத்தம் அங்கிருந்துதான் வந்தது.

எழுதாமல் விட்ட இடத்துக்குப் பதில் தெரிந்துவிட்டது.

"ஏனுங்க... கொழந்தயக் குடுங்க."

அவன் தலை இடப்பக்கம் போனது. வலப்பக்கம் வந்தது.

"ஏனுங்க!"

இடது. வலது. கண்களில் அவளைத் தெரிந்த அடையாளமே இல்லை.

தொட்டிலின் இடுக்கில் குழந்தையின் முகம் தெரிந்தது. விழித்திருந்தது. அம்மாவைப் பார்த்துச் சிரித்தது. உடம்பில் ஒரு கீறல் இல்லை. நல்லவேளை. தூக்கிக்கொண்டு படியிறங்கி ஓடினால் போதும். அவ்வளவுதான்.

பாய்ந்தாள். அவன் தலை அவள் நெற்றியில் மோதியது. குனிந்து, அவனைச் சுற்றி மறுபக்கம் வந்துவிட்டாள். அவன் அதற்குமேல் தடுக்கவில்லை. கை தொட்டிலைத் தொட்டது.

தூக்க வேண்டும்.

கை தூக்கவில்லை.

தோள்பட்டையில் அரிப்பு நின்றிருந்தது. அங்கே ரவிக்கைக்கு அடியில் ஏதோ ஊர்ந்தது. ஒன்று. பிறகு பல. வலிக்கவே இல்லை.

"யக்கா!" வாசலில் செல்லத்தாய். அவள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். அழுதுகொண்டே இரண்டு கைகளையும் நீட்டினாள். "பிள்ளைய எங்கிட்ட குடுத்துருங்க யக்கா!"

எடுத்துக்கொள், எடுத்துக்கொண்டு ஓடு என்று மருதாள் உள்ளுக்குள் கதறினாள். வாய் திறக்கவில்லை.

செல்லத்தாய் ஒரு எட்டு முன்னால் வைத்தாள்.

மருதாளின் தலை இடப்பக்கம் போனது. பிறகு வலப்பக்கம். தொட்டிலின் அந்தப் பக்கம் கிட்டுசாமியின் தலையும் கூடவே ஆடியது.